ஒரு பக்கம் மட்டும் வெட்டிய குரல்: அக்சஸ் பாயின்ட் முன்னுரிமை அமைப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

"சார், நான் பேசுறது அவங்களுக்கு நல்லா கேக்குதாம். அவங்க பேசுறதுதான் எனக்கு வெட்டி வெட்டி வருது."

கிடங்கு மேற்பார்வையாளர் சொன்ன இந்த வார்த்தையிலேயே பாதி விடை இருந்தது. நான்தான் அதைப் புகார்ப் பட்டியலில் 'வாய்ஸ் சரியில்லை' என்று சுருக்கி எழுதிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு சிக்னல் அளக்கப் போனேன். மூன்று வாரம் அப்படிப் போயிற்று.

இடம் ஒரு சேமிப்புக் கிடங்கும் அதை ஒட்டிய அலுவலகமும். நான்கு அக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி), அவற்றைக் கம்பியால் இணைக்கும் ஒரு சுவிட்ச், அதே சுவிட்சில் ஒரு ஐபி பிபிஎக்ஸ் (போன் அழைப்புகளை இணைக்கும் கருவி). பன்னிரண்டு வைஃபை போன்கள், எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்பவை. அலுவலகத்தில் முப்பது சொச்சம் லேப்டாப். கிடங்கில் பழைய பார்கோடு ஸ்கேனர்கள் ஆறு. இந்த ஸ்கேனர்களை அப்போது நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. கதையின் பின்பாதி அவற்றைச் சுற்றித்தான்.

காலையில் தொல்லை இல்லை. பத்து மணிக்கு மேல் ஆட்கள் வந்து லேப்டாப்பைத் திறந்ததும் போனில் எதிர்முனைக் குரல் நொறுங்கத் தொடங்கும். சிக்னல் எல்லா இடத்திலும் போதுமானதாக இருந்தது. சேனலை மாற்றிப் பார்த்தேன், ஆன்டெனாவைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு அக்சஸ் பாயின்ட்டை இடம் மாற்றினேன். பலன் இல்லை.

அப்புறம்தான் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். 'டபிள்யூஎம்எம்' (வைஃபையில் முன்னுரிமை தரும் வசதி) என்ற பெட்டியில் டிக் இருந்தது. சரி, முன்னுரிமை ஆனில்தான் இருக்கிறது, பிரச்சினை இங்கே இல்லை என்று மூடிவிட்டேன். இந்த வேலையில் இருப்பவர்கள் பலரும் தடுக்கி விழும் படி இது. அந்த டிக் 'நான்கு வரிசைகள் தயார்' என்று மட்டும்தான் சொல்கிறது. எந்தப் பாக்கெட் (தரவுத் துண்டு) எந்த வரிசையில் நிற்கிறது என்பது வேறு கேள்வி.

நான்கு வரிசை எப்படி வேலை செய்கிறது

வைஃபையில் காற்று ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். யார் அடுத்து பேசுவது என்று தீர்மானிக்க நடுவர் யாரும் இல்லை. காற்று ஓய்ந்ததும் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, அதற்கு மேல் குலுக்கல் முறையில் எடுத்த ஒரு எண்ணைக் கீழே எண்ணி, பூஜ்யம் வந்ததும் அனுப்புவார்கள். 2005இல் வந்த 802.11இ தரம் இந்தக் காத்திருப்பை நான்கு வகையாகப் பிரித்தது. வாய்ஸ், வீடியோ, பெஸ்ட் எஃபர்ட் (சாதாரணத் தரவு), பேக்ரவுண்ட் (அவசரமில்லாதது). அதன் ஒரு பகுதியைத்தான் வைஃபை அலையன்ஸ் டபிள்யூஎம்எம் என்ற பெயரில் சான்றளிக்கிறது.

எண்களைப் பார்த்தால் உடனே புரியும். 2.4 கிகாஹெர்ட்ஸில், ஸ்லாட் (ஒரு எண்ணை எண்ண ஆகும் நேரம்) 9 மைக்ரோ நொடி என்ற கணக்கில், ஒரு லேப்டாப்போ போனோ வாய்ஸ் ஃபிரேமுக்கு (காற்றில் போகும் பாக்கெட்டுக்கு வைஃபையில் பெயர் ஃபிரேம்) காத்திருக்கும் அடிப்படை நேரம் 28 மைக்ரோ நொடி. பெஸ்ட் எஃபர்ட்டுக்கு 37, பேக்ரவுண்டுக்கு 73. அதற்கு மேல் குலுக்கல்: வாய்ஸுக்கு 0 முதல் 3 வரை, வீடியோவுக்கு 0 முதல் 7 வரை, மற்ற இரண்டுக்கும் 0 முதல் 15 வரை. சராசரியாகப் பார்த்தால் வாய்ஸ் சுமார் 42 மைக்ரோ நொடியில் கிளம்பும், பெஸ்ட் எஃபர்ட் சுமார் 105, பேக்ரவுண்ட் சுமார் 140. மோதல் ஆனால் குலுக்கலின் மேல் எல்லை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். வாய்ஸுக்கு அது 7 உடன் நின்றுவிடும், பெஸ்ட் எஃபர்ட்டுக்கு 1023 வரை போகலாம்.

ஆக, இது உத்தரவாதம் இல்லை, வாய்ப்பைக் கூட்டிக் கொடுப்பதுதான். வாய்ஸ் ஃபிரேமுக்குச் சாய்வான தராசு, அவ்வளவே. ஆனால் ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக்கும் முறை) ஒரு போன் ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 50 சின்ன பாக்கெட் அனுப்புகிறது, 20 மில்லி நொடிக்கு ஒன்று. இத்தனை முறை காற்றுக்குப் போட்டி போட வேண்டியிருக்கும்போது அந்தச் சாய்வு பெரிய வித்தியாசம்.

இந்த எண்களுக்கு அமைப்புப் பக்கத்தில் இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்று, அக்சஸ் பாயின்ட் தானே அனுப்பும்போது கடைப்பிடிப்பது. இன்னொன்று, சுற்றியுள்ள கருவிகள் கடைப்பிடிக்கும்படி பீக்கனில் (அக்சஸ் பாயின்ட் தன்னை அறிவிக்க அடிக்கடி ஒலிபரப்பும் ஃபிரேம்) அறிவிப்பது. இரண்டும் வேறு வேறு. போனுக்கு வரும் குரல் முதல் அட்டவணையைச் சேர்ந்தது, போனிலிருந்து போகும் குரல் இரண்டாவதை. மேற்பார்வையாளர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டிருந்தால், போகும் திசை நன்றாக இருக்கிறது, வரும் திசைதான் கெட்டிருக்கிறது, ஆகவே அக்சஸ் பாயின்ட்டின் வரிசைகளைப் பார் என்று அது என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கும்.

நான் செய்த கோளாறு

அதற்குப் பதில் நான் என்ன செய்தேன்? வாய்ஸ் வரிசையின் எண்களைக் குறைத்துப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. கூட்டிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. எரிச்சலில், 'வாய்ஸுக்கு நல்லது எல்லோருக்கும் நல்லதுதானே' என்று பெஸ்ட் எஃபர்ட் வரிசைக்கும் வாய்ஸின் 3, 7 என்ற எண்களைப் போட்டேன், இரண்டு அட்டவணையிலும். மறுநாள் காலை ஆளில்லாத நேரத்தில் சோதித்தேன். குரல் கணீரென்று வந்தது. வெற்றி என்று நினைத்து டீமுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டேன்.

பதினொரு மணிக்கு மேற்பார்வையாளர் அழைத்தார். அதுவரை ஒரு பக்கம்தான் வெட்டியது, இப்போது இரண்டு பக்கமும்.

ஏன் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்து கருவிகள் ஒரே நேரத்தில் அனுப்பத் தயாராக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை ஒரு எண் எடுத்தால், மிகச் சிறிய எண்ணை இரண்டு பேர் சேர்ந்து எடுத்து மோதும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம். அதே ஐந்தும் 0 முதல் 3 வரை எடுத்தால் அது 52 சதவீதம். முதல் முயற்சியிலேயே பாதிக்கு மேல் மோதல். மோதிய பிறகும் எல்லை 7ஐத் தாண்டாது என்பதால் கூட்டம் கலைவதற்கும் வழியில்லை. வாய்ஸ் வரிசையின் சின்ன எண் வேலை செய்வதே அதைச் சிலர் மட்டும் பயன்படுத்துவதால்தான். எல்லோருக்கும் ஆம்புலன்ஸ் சைரன் கொடுத்துவிட்டு நடுரோட்டில் நின்று பார்த்த கதை.

ஆனால் இந்தக் கோளாறிலும் ஒரு துப்பு இருந்தது, அதையும் தவறவிட்டேன். வாய்ஸ் வரிசையில் என்ன மாற்றினாலும் குரலில் ஒன்றும் நடக்கவில்லை. பெஸ்ட் எஃபர்ட் வரிசையைத் தொட்டதும் குரல் மாறியது. அப்படியென்றால் குரல் எந்த வரிசையில் நிற்கிறது? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு இரண்டு நாள் ஆனது.

இடையில் இன்னொரு யோசனையும் வந்தது, ஒரு சக ஊழியரிடமிருந்து: "டபிள்யூஎம்எம்மையே ஆஃப் பண்ணிப் பாருங்களேன்." பண்ணிப் பார்த்தோம். லேப்டாப்கள் எல்லாம் நொடிக்கு 54 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிட்டன. 802.11என் தரத்தின் வேகங்கள் டபிள்யூஎம்எம் இருந்தால்தான் கிடைக்கும். ஐந்து நிமிடத்தில் திரும்ப ஆன்.

வாய்ஸ் வரிசையில் 'அட்மிஷன் கன்ட்ரோல் கட்டாயம்' என்று ஒரு பெட்டியும் உண்டு. பெயரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதை டிக் செய்தால், முறைப்படி அனுமதி கேட்கத் தெரியாத போன்கள் வாய்ஸ் வரிசையை விட்டுக் கீழே தள்ளப்படும். எங்கள் போன்களுக்குக் கேட்கத் தெரியாது.

காற்றில் பார்த்தது

எல்லா எண்களையும் தொழிற்சாலை இயல்புக்குத் திருப்பிவிட்டு, மானிட்டர் மோடில் (காற்றில் போகும் எல்லோருடைய ஃபிரேம்களையும் கேட்கும் நிலை) இயங்கும் அடாப்டர் ஒன்றை லேப்டாப்பில் மாட்டி, போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே சேனலில் ஃபிரேம்களைப் பிடித்தேன், அதாவது கேப்சர் எடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

உள்ளடக்கம் டபிள்யூபிஏ2 மறையாக்கத்தில் இருந்தது, பரவாயில்லை. தலைப்பகுதி திறந்தேதான் இருக்கும். மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) வைத்து ஒரு போனை மட்டும் வடிகட்டினேன். குரல் ஃபிரேம்களைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை: எல்லாம் சுமார் 250 பைட், ஒரே அளவு, 20 மில்லி நொடிக்கு ஒன்றாகத் தாளம் தப்பாமல் வரும். அந்தத் தலைப்பகுதியில் கியூஓஎஸ் (முன்னுரிமை) கன்ட்ரோல் என்று இரண்டு பைட் இருக்கிறது. அதன் முதல் நான்கு பிட்டில் டிஐடி என்ற எண். 6, 7 என்றால் வாய்ஸ். 4, 5 என்றால் வீடியோ. 0, 3 என்றால் பெஸ்ட் எஃபர்ட். 1, 2 என்றால் பேக்ரவுண்ட். ஆம், 1ம் 2ம் பூஜ்யத்தைவிடக் கீழே. வரிசைப்படி எண் ஏறும் என்று நினைத்து இதில் ஏமாறாதவர்கள் குறைவு.

போனிலிருந்து போகும் ஃபிரேம்கள்: டிஐடி 6. போனுக்கு வரும் ஃபிரேம்கள்: டிஐடி 0.

அவ்வளவுதான் விஷயம். போன் தன் குரலுக்குத் தானே முத்திரை குத்தி வாய்ஸ் வரிசையில் அனுப்புகிறது. திரும்பி வரும் குரலோ முத்திரை இல்லாமல், லேப்டாப்களின் டவுன்லோடுகளோடு ஒரே வரிசையில் அக்சஸ் பாயின்ட்டில் நிற்கிறது. காலையில் வரிசை காலி, குரல் சுலபமாக வந்தது. பத்து மணிக்கு வரிசை நீண்டது.

ஒரு திசை மட்டும் கெடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பதால் அதையும் பார்த்துக்கொண்டேன். பேட்டரியை மிச்சப்படுத்த போன் இடையிடையே தூங்கும். பழைய முறைப் பவர் சேவில் அதற்கு வரும் பாக்கெட்டுகளை அக்சஸ் பாயின்ட் பிடித்து வைத்திருக்கும். டபிள்யூஎம்எம்மோடு வரும் யூ-ஏபிஎஸ்டி முறையில், போன் ஒரு ஃபிரேம் அனுப்பும்போதே தனக்கு வந்திருப்பதையும் வாங்கிக்கொள்ளும். அது ஆனில் இருந்தது, கேப்சரிலும் சரியாக நடந்தது. சந்தேகம் தீர்ந்தது.

முத்திரை எங்கே தொலைந்தது

அக்சஸ் பாயின்ட் தானாக எந்தப் பாக்கெட் குரல் என்று கண்டுபிடிப்பதில்லை. கம்பி வழியே வரும் ஐபி பாக்கெட்டின் தலையில் டிஎஸ்சிபி என்று ஆறு பிட் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் வரிசையை முடிவு செய்கிறது. குரலுக்கு வழக்கமான எண் 46. ஒரு இடைச்செருகல்: சில கருவிகளின் பக்கத்தில் 46 என்று கேட்பார்கள், சிலவற்றில் 184. இரண்டும் ஒன்றேதான். ஆறு பிட்டை மட்டும் படித்தால் 46, அதற்குப் பின்னால் உள்ள இரண்டு பிட்டையும் சேர்த்து முழு பைட்டாகப் படித்தால் 184. 184 கேட்கும் இடத்தில் 46ஐப் போட்டுவிட்டு, முன்னுரிமை கொடுத்துவிட்டதாக நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுவிட்சில் போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டில் போவதன் நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்புவது) போட்டு இரண்டு இடத்தில் பார்த்தேன். பிபிஎக்ஸிலிருந்து சுவிட்சுக்குள் நுழையும்போது 46. சுவிட்சிலிருந்து அக்சஸ் பாயின்ட்டுக்கு வெளியேறும்போது 0. நடுவில் யாரோ அழித்திருக்கிறார்கள்.

சுவிட்சில் யாரோ நல்லெண்ணத்தோடு கியூஓஎஸ்ஸை ஆன் செய்திருந்தார்கள். சில சுவிட்ச்களில் அதை ஆன் செய்தால், 'இந்த போர்ட்டில் வரும் முத்திரையை நம்பு' என்று தனியாகச் சொல்லாத ஒவ்வொரு போர்ட்டிலும் வரும் டிஎஸ்சிபி எண்ணை 0 ஆக்கிவிடும். கியூஓஎஸ் ஆஃபில் இருந்திருந்தால் முத்திரை தொடாமல் கடந்து போயிருக்கும். முன்னுரிமைக்காக ஆன் செய்த அமைப்பே முன்னுரிமையை அழித்தது. பிபிஎக்ஸ் போர்ட்டையும் அக்சஸ் பாயின்ட் போர்ட்களையும் நம்பும்படி அமைத்தேன். லேப்டாப்கள் கம்பியில் வந்து சேரும் மேஜை போர்ட்களை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். எல்லோரையும் நம்பினால் யார் வேண்டுமானாலும் தன் டவுன்லோடுக்கு 46 குத்திக்கொண்டு வரலாம்.

திரும்ப கேப்சர். போனுக்கு வரும் ஃபிரேம்களின் டிஐடி இப்போது 0 இல்லை. 6ம் இல்லை. 5.

46ஐ இரும எண்ணில் எழுதிப் பாருங்கள்: 101110. பல அக்சஸ் பாயின்ட்கள் இதில் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். 101 என்றால் 5. ஐந்து என்றால் வீடியோ வரிசை. இது பழுது இல்லை, இயல்பு நிலையே அப்படி. கம்பி உலகத்தில் டிஎஸ்சிபி எண்களை வகுத்தவர்களும் வைஃபை உலகத்தில் வரிசைகளை வகுத்தவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளவில்லை, அதன் விளைவு இது. 2018இல் வெளியான ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் இந்தப் பொருத்தத்தைத் திருத்தி எழுதியது. அதன்படி 46 போக வேண்டியது 6க்கு.

வீடியோ வரிசையும் உயர்ந்ததுதானே, போனால் என்ன என்று கேட்கலாம். காத்திருப்பு நேரம் மட்டும் என்றால் பெரிய இழப்பில்லை. ஆனால் அதே வரிசையில்தான் அலுவலகத்தின் வீடியோ கால்களும் நிற்கின்றன. வீடியோ கூட்டங்களுக்கு வழக்கமாகக் குத்தும் எண் 34, இரும எண்ணில் 100010, முதல் மூன்று பிட் 4, அதுவும் வீடியோ வரிசை. அந்த வரிசைக்கு ஒருமுறை காற்று கிடைத்தால் 3.008 மில்லி நொடி வரை விடாமல் அனுப்பலாம், வாய்ஸுக்கு 1.504தான். பெரிய வீடியோ ஃபிரேம்களின் பின்னால் 250 பைட் குரல் ஃபிரேம் நின்றுகொண்டிருக்கும். இரண்டுக்கும் வரிசைக்குள் முன்பின் கிடையாது, வந்த வரிசைப்படிதான். வீடியோ கூட்டம் நடக்கும் மணியில் குரல் லேசாகத் திணறியதற்குக் காரணம் இது.

அக்சஸ் பாயின்ட்டின் டிஎஸ்சிபி மேப் பக்கத்தில் 46க்கு எதிரே 5 என்றிருந்ததை 6 என்று மாற்றினேன். ஒரே ஒரு எண். கேப்சரில் இரண்டு திசையிலும் டிஐடி 6.

கூடவே, லேப்டாப்களின் பேக்கப் மென்பொருளுக்கு டிஎஸ்சிபி 8 குத்தும்படி கொள்கை ஒன்று போட்டேன். 8 என்றால் 001000, முதல் மூன்று பிட் 1, பேக்ரவுண்ட் வரிசை. இங்கே இயல்பு மேப்பே சரியாக வேலை செய்கிறது. வாய்ஸை ஏற்றுவதில் எல்லோரும் கவனமாக இருக்கிறோம், அவசரமில்லாததை இறக்குவதை மறந்துவிடுகிறோம். என் அனுபவத்தில் இரண்டாவதுக்குத்தான் எதிர்ப்பும் குறைவு, பலனும் சட்டென்று தெரியும்.

ஸ்கேனர்களின் முறை

ஒரு வாரம் அமைதி. அப்புறம் மேற்பார்வையாளர் மறுபடி: "சார், ஷிஃப்ட் மாறும்போது மட்டும் கொஞ்சம்."

ஷிஃப்ட் மாறும்போது என்ன நடக்கிறது என்று கிடங்கில் போய் நின்று பார்த்தேன். ஆறு ஸ்கேனர்களும் சார்ஜ் ஏற்றும் தொட்டிலிலிருந்து எடுக்கப்படுகின்றன. எடுத்ததும் ஒவ்வொன்றும் பொருள் பட்டியலைப் புதிதாக இறக்கிக்கொள்கிறது. அவை 802.11பி என்ற பழைய வைஃபை தரத்தின் காலத்துக் கருவிகள். தூர மூலையில் இருக்கும்போது 1 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடும்.

1500 பைட் ஃபிரேம் ஒன்று 1 மெகாபிட் வேகத்தில் காற்றில் போக 12 மில்லி நொடி ஆகும். போனுக்கு 20 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட் வர வேண்டும். ஒரு ஸ்கேனர் ஃபிரேம் கிளம்பிவிட்டால், வாய்ஸ் வரிசை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது முடியும் வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முன்னுரிமை என்பது அடுத்து யார் என்பதில் மட்டும். பேசிக்கொண்டிருப்பவரை நடுவில் நிறுத்தும் அதிகாரம் அதற்கில்லை. இரண்டு ஸ்கேனர் ஃபிரேம் அடுத்தடுத்து வந்தால் ஒரு குரல் பாக்கெட்டின் இடம் மொத்தமாகப் போய்விடும்.

இதோடு முடியவில்லை. 802.11பி கருவி ஒன்று சேர்ந்தாலே அந்த அக்சஸ் பாயின்ட்டில் இருக்கும் எல்லோரின் ஸ்லாட்டும் 9 மைக்ரோ நொடியிலிருந்து 20 ஆகிவிடும். மேலே சொன்ன 42 மைக்ரோ நொடி கணக்கு 80 ஆகிறது. பழைய கருவிக்குப் புரியும்படி வேகமான கருவிகள் ஒவ்வொரு முறையும் முன்னறிவிப்பு ஃபிரேம் ஒன்றும் அனுப்ப வேண்டும்.

பீக்கன்களும் அதே கதை. ஒவ்வொரு நெட்வொர்க் பெயருக்கும் 102.4 மில்லி நொடிக்கு ஒரு பீக்கன், அதுவும் குறைந்தபட்ச வேகத்தில். 250 பைட் பீக்கன் 1 மெகாபிட்டில் 2 மில்லி நொடி. எங்களிடம் ஐந்து பெயர்கள் இருந்தன, இரண்டை யாரும் பயன்படுத்தவே இல்லை. ஐந்து என்றால் 10 மில்லி நொடி. ஒருவரும் எதுவும் அனுப்பாதபோதே காற்று நேரத்தில் பத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும்.

ஆக, முன்னுரிமைப் பக்கத்தை மூடிவிட்டு வேகப் பக்கத்தைத் திறந்தேன். குறைந்தபட்ச வேகத்தை 12 மெகாபிட் ஆக்கினேன். அதே 1500 பைட் ஃபிரேம் இப்போது 1 மில்லி நொடி. பயன்படாத இரண்டு பெயர்களை நீக்கினேன். இதற்கு விலை உண்டு: 802.11பி ஸ்கேனர்களால் இனி சேரவே முடியாது. 12 மெகாபிட் என்பது அவற்றுக்குத் தெரியாத மொழி. கிடங்கின் ஒரு மூலையில் அவற்றுக்கென்று தனி அக்சஸ் பாயின்ட் ஒன்றை, போன்கள் இல்லாத வேறு சேனலில் வைத்தோம். புது ஸ்கேனர்கள் வந்த பிறகு அதையும் கழற்றிவிட்டோம். இரண்டு அமைப்பையும் ஒரே நாளில் மாற்றாமல் இருந்திருந்தால் எது எவ்வளவு உதவியது என்று தனித்தனியாகச் சொல்லியிருப்பேன். அவசரத்தில் ஒன்றாகவே செய்துவிட்டேன்.

மிச்சமிருந்த இரண்டு புகார்கள்

அலுவலகத்தில் சிலர் விண்டோஸ் லேப்டாப்பிலேயே சாஃப்ட்போன் (கணினியில் ஓடும் போன் மென்பொருள்) வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நிலைமை நேர் எதிர்: இவர்களுக்கு எதிர்முனை நன்றாகக் கேட்கும், எதிர்முனைக்கு இவர்கள் குரல் வெட்டும். திசையை வைத்தே இந்த முறை உடனே பிடித்துவிட்டேன். லேப்டாப்பிலிருந்து போகும் ஃபிரேம்களின் டிஐடி 0. மென்பொருளின் அமைப்பில் 46 என்று போட்டிருந்தும் விண்டோஸ், பயன்பாடுகள் பழைய முறையில் தாங்களாகக் குத்தும் முத்திரையை இயல்பாகக் கண்டுகொள்வதில்லை. குரூப் பாலிசியில் (விண்டோஸ் கணினிகளுக்கு மொத்தமாக விதி போடும் இடம்) கியூஓஎஸ் கொள்கையாக, அந்த மென்பொருளின் பெயரைக் குறித்து 46 என்று சொன்னால்தான் குத்தும். சொன்னோம், சரியானது.

இன்னொரு புகார், வெளியூர்க் கிளையோடு பேசும்போது தாமதம். அது காற்றில் இல்லை, இணைய இணைப்பில். அக்சஸ் பாயின்ட்டில் என்ன அமைத்தாலும் அது காற்றைத் தாண்டி ஒரு அடி போகாது. ரவுட்டரில் வெளியேறும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, வரிசையை மோடத்திலிருந்து ரவுட்டருக்கு இழுத்து வந்து அங்கே குரலை முன்னால் விட்டதும் தீர்ந்தது. அதை விரித்தால் வேறு கட்டுரை.

இறுதியில் நான்கு அக்சஸ் பாயின்ட்களிலும் நின்ற அமைப்பு இதுதான்: இரண்டு முன்னுரிமை அட்டவணையும் தொழிற்சாலை இயல்பில், ஒரு எண் கூட மாற்றாமல். மேப்பில் 46க்கு எதிரே 6. யூ-ஏபிஎஸ்டி ஆன். அட்மிஷன் கன்ட்ரோல் ஆஃப். குறைந்தபட்ச வேகம் 12. மூன்று நெட்வொர்க் பெயர்கள். இதை ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன், அதன் கீழே 'இரண்டு திசையிலும் டிஐடி 6' என்றும்.

சில மாதம் கழித்து அக்சஸ் பாயின்ட்களுக்கு ஃபெர்ம்வேர் அப்டேட் போட்டோம். யாரும் புகார் சொல்லவில்லை. தாளைப் பார்த்ததால் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு கேப்சர் எடுத்தேன். போனிலிருந்து போவது 6. போனுக்கு வருவது 5. அப்டேட் மேப்பை இயல்புக்கே திருப்பிவிட்டிருந்தது. வீடியோ கூட்டங்கள் குறைவான வாரம் என்பதால் யார் காதிலும் விழவில்லை. 5ஐ 6 ஆக்கி, கேப்சரை மறுபடி ஓட்டி, தாளில் தேதி போட்டு வைத்தேன்.